குடல் ஆபரேஷனுக்குப் பிறகு: வீட்டுக்குப் போனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். குடலில் கட்டி, குடல் காசநோய், குடலில் ஓட்டை, இறங்கிய குடல் நெரிபட்டுப் போனது என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மீதியை இணைத்துத் தைத்தபின் வீட்டுக்குப் போகிறவர்களின் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. சத்தியமங்கலம், தாராபுரம், உடுமலை என்று ஊர் போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்பார்கள். ஆனால் மலம், காற்று என்று பேச்சு வந்தால் பாதிப் பேர் "ஒண்ணுமில்லீங்க சிஸ்டர், நல்லாத்தான் இருக்குது" என்று முடித்துக்கொள்வார்கள். அந்தக் கூச்சத்தாலேயே வீட்டில் கிடந்து அவதிப்பட்டு, முற்றிய பிறகு வருகிறவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நீளம் எடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆபரேசன் முடிஞ்சு மூணு நாளாச்சுங்க, இன்னும் காத்துப் பிரியலை. ஏதாச்சும் கோளாறுங்களா?

குடலைத் தொட்டு, வெட்டி, தைத்தால் அது சில நாள் அசையாமல் நின்றுவிடும். மயக்க மருந்தும் வலிக்குப் போடும் ஊசிகளும் அதை இன்னும் மந்தமாக்கும். சிறுகுடல் ஏறத்தாழ ஒரு நாளில் வேலையைத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு மூன்று நாள் வரை ஆகும். காற்றுப் பிரிந்தால் பெருங்குடலும் விழித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் தினமும் அதையே கேட்பது இதனால்தான். மூன்றாம் நாள் பிரியாமல் இருப்பது அபூர்வம் இல்லை. வயிறு உப்பிக்கொண்டு வாந்தியும் வந்தால், அல்லது நாள் இன்னும் தள்ளிக்கொண்டே போனால், காரணம் தேடிப் பார்ப்பார்கள்.

எழுந்து நடப்பது உதவும். சில இடங்களில் சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். வாய் மெல்லும்போது சாப்பாடு வரப்போகிறது என்று குடலுக்குத் தகவல் போகும். அதற்குப் பதிலாக வெற்றிலை பாக்கு போடலாமா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. வேண்டாம்.

எந்திரிச்சு நடந்தா தையல் பிரிஞ்சுறாதுங்களா?

பிரியாது. வெளியே தெரிவது தோல் தையல்தான். வயிற்றைத் தாங்குவது உள்ளே தசையுறையில் போட்ட கெட்டித் தையல். நடப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. படுத்தே கிடந்தால்தான் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், குடலும் தூங்கும்.

பிரச்சினை எழுந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. மல்லாந்து படுத்தவர் அப்படியே தலையைத் தூக்கி எழுந்தால் வயிற்றுத் தசை முழுவதும் முறுக்கிக்கொள்ளும். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். இதை மட்டும் சரியாகப் பழகிக்கொண்டவர்கள் வலி மாத்திரை கேட்பது குறைந்துவிடுகிறது.

ஊட்டுக்கு வந்ததும் என்ன குடுக்கறதுங்க? கஞ்சி மட்டும் போதுமுங்களா?

கஞ்சி முதல் சில நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் கஞ்சியிலேயே வைத்திருப்பது நம் பக்கத்தில் பெரிய தப்பு. தைத்த குடலும் தசையும் ஆற புரதம் வேண்டும். கஞ்சித் தண்ணீரில் அது மிகக் குறைவு. முட்டை, மீன், குழைய வேகவைத்த பருப்பு, தயிர் எல்லாம் சீக்கிரமே சேர வேண்டும்.

நம் ஊர் அரிசிம்பருப்பு சாதம் இதற்கு நல்ல சாப்பாடு. கொஞ்சம் தண்ணீர் கூட வைத்துக் குழைய விட்டு, மிளகாயைக் குறைத்து, தேங்காய்ச் சில்லு போடாமல், ஒரு கரண்டி நெய் விட்டுக் கொடுங்கள். இட்லி, சந்தகை, ரசம் சாதம், தோல் சீவிய சுரைக்காய், பீர்க்கங்காய் கூட்டு, மோர் எல்லாம் ஒத்துக்கொள்ளும். மூன்று வேளை வயிறு நிறையக் கொடுப்பதை விட ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பால் குடித்ததும் வயிறு பொருமினால் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுத் தயிர், மோரில் இருங்கள். குடல் தேறும் வரை பாலில் உள்ள சர்க்கரை சிலருக்குச் செரிக்காது.

கொள்ளு, களி, கம்பஞ்சோறு இதெல்லாம் எப்பங்க சாப்பிடலாம்?

நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். நார்ச்சத்து அதிகம் என்பதுதான் காரணம். தைத்த இடத்தில் வீக்கம் வற்றும் வரை அந்த இடம் சற்றுக் குறுகலாகவே இருக்கும். அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு புது உணவு என்று சேருங்கள். ஒரே நாளில் கொள்ளும் தட்டைப்பயறும் முட்டைக்கோசும் போட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாமல் போகும். கொள்ளை முதலில் ரசமாக, பிறகு கடைந்த பருப்பாக. நிலக்கடலை கடைசியில், அதுவும் நன்றாக மென்று. குடலில் சுருக்கம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, டாக்டரிடம் கேளுங்கள்.

எத்தனை நாளைக்கு வெயிட் தூக்கக் கூடாதுங்க? மாட்டைப் பாக்கறதுக்கு ஆளில்லீங்க.

ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். பெரிய கீறல் போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் வரை பளு வேண்டாம் என்பார்கள். வெளியே தழும்பு அழகாக ஆறிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே தசையுறை ஆறு வாரத்தில் முழுப் பலத்துக்கு வராது, மாதக்கணக்கில் தேறிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் தண்ணீர் பத்துக் கிலோவைத் தாண்டும். வீட்டு காஸ் சிலிண்டரில் காஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு. இதைத் தூக்கித்தான் தழும்பு வழியாகக் குடல் பிதுங்கி மறுபடி ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

பால் கறப்பதில் கைவேலையை விட, குந்தி உட்கார்ந்து எழுவதும் மாடு உதைத்தால் வயிற்றில் படுவதும்தான் பயம். ஆறு வாரம் வேறு ஆள் கறக்கட்டும். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செக்கிங் பார்ப்பவர்கள் நாலு வாரத்தில்கூடப் போகலாம். தறி ஓட்டுகிறவர்கள், மஞ்சள் மூட்டை ஏற்றுகிறவர்கள் டாக்டரிடம் தேதி வாங்கிக்கொண்டு போங்கள். முதலாளியிடம் காட்ட எழுதித் தரச் சொன்னால் தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பெல்ட் போட்டா குடல் இறங்காதுங்களா?

பெல்ட் போட்டால் நடக்க, இரும தைரியம் வரும். இழுக்கிற வலியும் குறையும். அவ்வளவுதான். பெல்ட் போட்டிருக்கிறோம் என்று மூட்டை தூக்கினால் அது காப்பாற்றாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றி விடுங்கள்.

நாலு நாளா வெளிக்குப் போகலை. வெளக்கெண்ணெய் குடுக்கலாமுங்களா?

வேண்டாம். பேதிக்கு வாங்கும் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். குடல் அடைத்திருக்கும்போது விளக்கெண்ணெய் உள்ளே போனால், வழியில்லாத இடத்தில் குடல் வலுக்கட்டாயமாக முறுக்கும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: காற்றுப் பிரிகிறதா? பிரிகிறது, வாந்தியும் இல்லை, வயிறும் மெத்தென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் சாதாரண மலச்சிக்கல்தான். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். எந்த மாத்திரை என்று சீட்டைப் பார்த்துப் போனில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள் அல்லது மலம் இளகச் சிரப் எழுதுவார்கள்.

காற்றும் பிரியவில்லை, வயிறு உப்பல், வாந்தி என்றால் அது வேறு கதை. கீழே எந்த வலிக்கு உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பதிலைப் படியுங்கள்.

எனக்கு அதுக்கு நேர்மாறுங்க. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போகுது, அடக்கவே முடியலை. பஸ் ஏறவே பயமா இருக்குது.

இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் குடல் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

மலக்குடலை எடுத்தவர்களுக்கு மலம் தேங்கி நிற்கும் இடம் குறைந்துபோகிறது. போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி வரும், கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை வரும். கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இன்னும் கூடும். ஓராண்டு, இரண்டாண்டில் பெரும்பாலோருக்கு நிறையக் குறையும். அதுவரை ஆசனவாய்த் தசையை இறுக்கி விடும் பயிற்சி, சாப்பாட்டுக்கு முன் போட டாக்டர் தரும், குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபெரமைடு மாத்திரை, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படுத்தும் இசப்கோல் ஆகியவை கைகொடுக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு வேறு காரணம். பித்தநீரை அந்த இடம்தான் திரும்ப உறிஞ்சும். அது இல்லாமல் பித்தநீர் பெருங்குடலுக்குப் போய், தண்ணீராகவும் எரிச்சலோடும் வெளியேறும். அதற்குத் தனி மருந்து உண்டு, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பதும் உதவும். இரண்டுக்கும் சாப்பிடாமல் பட்டினி கிடப்பது மருந்து இல்லை. பஸ் ஏறும் பயத்தில் காலையிலிருந்து வெறும் வயிற்றில் ஓ.பி.க்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

வவுத்துல பை வெச்சிருக்காங்க. தண்ணி தண்ணியாப் போகுது, எளநி குடிச்சாப் போதுமுங்களா?

குடலின் வாயை வயிற்றுத் தோலில் திறந்து வைத்து, அதில் வருவதைப் பிடிக்க ஒட்டும் பை இது. சிறுகுடலில் வைத்த பையாக இருந்தால் இளநீர் போதாது. அந்தப் பையில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வருவது வழக்கம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் நிறையப் போகிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பில் உள்ள சோடியம் குறைவு. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் நல்லெண்ணத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு இளநீர் கொடுத்தும் ஆள் தலைசுற்றிக் கிடப்பது இதனால்தான். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் பையில் வருவது கூடத்தான் செய்யும்.

மருந்துக் கடையில் கிடைக்கும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் வேண்டும். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டிக் கலக்குங்கள். பாதியை மடித்து வைத்து டம்ளரில் கண்ணளவாகக் கலக்கக் கூடாது. கலக்கியதை நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால், கால் பிடித்து இழுத்தால், எழுந்ததும் கண் இருண்டால் காத்திருக்காமல் வாருங்கள். சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எவ்வளவு ஓ.ஆர்.எஸ். என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தேங்காய். துருவலும் சில்லும் செரிக்காமல் உருண்டு, பை வைத்த வாயை அடைத்துவிடும். காளான், மக்காச்சோளம், நிலக்கடலையும் அப்படித்தான். குழம்புக்கு அரைத்ததை வடிகட்டிப் பாலாக ஊற்றுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறதா வேண்டிக்கிட்டேன். போலாமுங்களா?

ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் தாண்டி, தினமும் ஊரில் சில கிலோமீட்டர் அலுப்பில்லாமல் நடக்க முடிந்து, டாக்டரும் சரி என்றால் போகலாம். நடை பெரிய சிக்கல் இல்லை. வழியில் வெயில், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, நேரம் தவறி அன்னதானத்தில் வயிறு முட்டச் சாப்பிடுவது, கழிப்பிடம் இல்லாமல் அடக்குவது, இவைதான் வயிற்றைக் கெடுக்கும். காவடியும் தோள் பையும் இந்த வருடம் வேறு ஒருவர் சுமக்கட்டும். கூட வருகிறவரிடம் உங்களுக்கு ஆபரேஷன் ஆனதைச் சொல்லி வையுங்கள். பை வைத்திருப்பவர்கள் பையை எடுத்த பிறகு நடப்பது நல்லது.

காயம் ஆறி மூணு மாசமாச்சு. ஆனா வவுறு ஒரு மாதிரியாவே இருக்குதுங்க. இழுக்குது, குத்துது, பொருமுது.

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் "ஒரு மாதிரி" என்பதில் பல வலிகள் கலந்திருக்கின்றன. தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் தோல் நரம்பு வெட்டுப்பட்டதால் வருவது. மாதங்கள் ஆகும், குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பொருமி, காற்றுப் பிரிந்ததும் தணிவது, குடல் இன்னும் புது நீளத்துக்குப் பழகிக்கொண்டிருப்பதால். எழுந்து நின்றால் தழும்பில் புடைப்பு தெரிந்து, படுத்தால் மறைந்தால், அது குடலிறக்கம். அதைக் காட்ட வேண்டும்.

வலி வயிற்றுச் சுவரிலா உள்ளேயா என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, வலிக்கிற இடத்தை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, தலையை மட்டும் தலையணையிலிருந்து தூக்குங்கள். வலி கூடினால் பெரும்பாலும் அது சுவரில், அதாவது தசையிலோ நரம்பிலோ இருக்கிறது. குறைந்தால் உள்ளேயிருந்து வருவதாக இருக்கலாம். ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் இதைச் செய்து பார்க்காதீர்கள். முடிவும் நீங்களே கட்டிவிட வேண்டாம், ஓ.பி.யில் சொல்லுங்கள். சுவரில் ஒரே புள்ளியில் வரும் வலிக்கு அங்கேயே மரத்துப்போக ஊசி போட்டு ஆற்றுவதும் உண்டு.

மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் போடுவதை நிறுத்துங்கள். இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் வேறு சொல்லும் வரை பாரசிட்டமால் போதும், அதுவும் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டாமல். குடிப்பழக்கம், ஈரல் கோளாறு இருந்தால் அதிலும் பாதிதான்.

குடல் ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்களே, அதை ஸ்கேன்ல பாத்து எடுத்துற முடியாதுங்களா?

வயிற்றைத் திறந்த பெரும்பாலோருக்கும் உள்ளே ஒட்டுதல் வரும். திசு ஆறும் விதமே அது. அதில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் இருக்காது. ஒட்டுதல் நார் மெல்லியது, ஸ்கேனில் நேராகத் தெரியாது. அடைப்பு வந்து குடல் உப்பினால்தான் அடையாளம் தெரியும். எடுத்துவிடலாமே என்றால், எடுக்கச் செய்யும் ஆபரேஷனும் புது ஒட்டுதலை உண்டாக்கும். அதனால் அடைப்பு வந்தால்தான் கை வைப்பார்கள். அடைப்பு வந்தவர்களிலும் பலருக்கு மூக்கில் குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, குடலுக்கு ஓய்வு கொடுத்தாலே சரியாகிவிடும்.

எந்த வலின்னா உடனே கெளம்போணுங்க?

வலி விட்டு விட்டு முறுக்கி, பச்சையாக வாந்தி வந்து, வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றால் அடைப்பு. எத்தனை வருடம் கழித்து வந்தாலும் இதே அடையாளம்தான். ஆபரேஷன் ஆன முதல் பத்துப் பதினைந்து நாளில் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி என்றால் தைத்த இடம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், மலம் கருப்பாகவோ ரத்தமாகவோ போனாலும் தாமதிக்காதீர்கள்.

விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் காபி, தண்ணீர், சோடா எதுவும் கொடுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

மூணு வருசமாச்சு, வவுறு நல்லாருக்குது. ஆனா காலு மதமதன்னு மரத்துப்போகுது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமுங்களா?

இருக்கலாம். பித்தநீர் பற்றிச் சொன்னேனே, அதே சிறுகுடல் கடைசிப் பகுதியில்தான் வைட்டமின் பி12-உம் உறிஞ்சப்படுகிறது. ஈரலில் இருப்பு இருப்பதால் குறை தெரிய வருடங்கள் ஆகும். அப்போது அசதி, மரத்துப்போதல், நாக்கு எரிச்சல் என்று வரும். சர்க்கரை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஊசி போட்டால் தேறும். அந்தப் பகுதியை நிறைய எடுத்தவர்கள் ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கும்.

ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஆனா வலிக்குதே, மனசுதான் காரணமுங்களா?

ஸ்கேனில் தெரியாத வலி பொய் வலி ஆகிவிடாது. மேலே சொன்ன நரம்பு வலியும் பொருமலும் எந்தப் படத்திலும் வராது. கட்டிக்காக ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஒவ்வொரு குத்தலிலும் திரும்ப வந்துவிட்டதோ என்ற பயம் சேர்ந்துகொள்ளும். பயம் வலியைக் கூட்டுவதும் உண்மை, வலி முதலில் இருப்பதும் உண்மை. பெருங்குடல் கட்டிக்கு ஓராண்டில் குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலனோஸ்கோபி), இடையிடையே கட்டி திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை என்று அட்டவணை போட்டுத் தருவார்கள். "வலி இல்லை, எதுக்கு" என்று அதை விடாதீர்கள், வலி இருக்கிறது என்று மாதம் ஒரு ஸ்கேனும் எடுக்காதீர்கள்.

எங்கய்யன் எதுங் கேட்டாலும் ஒண்ணுமில்லைங்கறாரு. எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

"நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறேன் என்பார்கள். "காலையில எத்தனை தடவை போனீங்க, தண்ணியாவா கட்டியாவா, காத்துப் பிரிஞ்சுதா, நேத்து ராத்திரி வலியில முழிச்சீங்களா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மகள், மருமகளிடம் சொல்லக் கூச்சப்படுவார், பேரனையோ அவர் வயசுக்காரப் பங்காளியையோ கேட்கச் சொல்லுங்கள். தட்டில் மீதி வைப்பது, குனிந்தே நடப்பது, வேட்டியை முன்னைவிட இறுக்கிக் கட்டுவது, ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்கு வர மறுப்பது, இதெல்லாம் சொல்லாமல் சொல்வது. வாரம் ஒரு தடவை எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால், அவர் ஒண்ணுமில்லை என்றாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.